கண்ணாடியில் ஒட்டிய சீட்டு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விற்பனைக்காக நிறுத்தப்பட்டிருக்கும் புதிய மோட்டார் கார் எதனை அணுகிப் பார்த்தாலும், அதன் கண்ணாடியில் அச்சிட்ட சீட்டு ஒன்று ஒட்டியிருப்பதைக் காணலாம். காரின் பெயர், அதற்கே உரிய அடையாள எண், அது பூட்டப்பட்ட தொழிற்சாலை இருக்கும் ஊர், அது எந்த வியாபாரிக்கு எவ்விதமாக அனுப்பப்பட்டது என்னும் விவரம், அடிப்படை விலை, உடன் சேர்த்த ஒவ்வோர் உபகரணத்தின் விலை, கொண்டுவந்து சேர்த்த கூலி, இவை அனைத்தின் மொத்தம் ஆகியவை அதில் வரிவரியாக இருக்கும். காரை வாங்கி ஓட்டப் போகிறவரைத் தவிர வேறு எவரும் அச்சீட்டை வேண்டுமென்றே கிழித்தாலும், மாற்றி எழுதினாலும் அது குற்றமாகும். வண்டி ஒன்றுக்கு 1,000 டாலர் வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறைவாசமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஒரு காகிதத்தைக் கிழித்ததற்குச் சிறைவாசமா என்று மாணவர்களுக்கு வியப்புத் தோன்றலாம். அச்சீட்டு இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதை அறிந்தால் அவ்வியப்புத் தீரும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் கார்களைச் செய்து குவித்தன. வியாபாரிகளுக்குள் போட்டி மிகுந்தது. போட்டி மிகுந்தால் விலை குறையவேண்டும் அல்லவா? குறைந்ததுபோலத் தோன்றியது, அவ்வளவே. காரின் உண்மையான விலை 2,500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வியாபாரி 2,900 என்று வாயால் சொல்வார். வாங்க வந்தவர் தயங்குவார். உடனே வியாபாரி, “தங்களுடைய பழைய காருக்கு மற்றவர்கள் தருவதைவிட 400 டாலர் மிகுதியாகத் தருகிறேன்” என்பார். வந்தவர் மகிழ்ந்து திரும்புவார். அவருடைய சட்டைப் பையிலிருந்து எடுத்ததையே அவருக்குப் பரிசாகக் கொடுத்த வித்தை அது. விலைக்குள் மற்றொரு தொகையைப் பொதிந்து வைப்பதால், அந்நாட்டார் இதனை ‘விலைப் பொதி’ என்று அழைத்தார்கள்.

ஓக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த செனட்டர் மைக் மன்ரோனி என்பவர் இத்தகைய வழக்கங்களை விசாரித்த செனட் துணைக்குழுவிற்குத் தலைமை வகித்தார். அவருடைய முயற்சியால் 1958இல் மோட்டார் கார் விவரம் வெளியிடும் சட்டம் நிறைவேறியது. ஜனாதிபதி ஐசன்ஹோவர் அதற்குக் கையொப்பமிட்டார். 1959ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து கண்ணாடிதோறும் சீட்டு ஏறியது. இன்றும் அதற்கு மன்ரோனிச் சீட்டு என்றுதான் பெயர். அரசியல்வாதிகளின் பெயர்கள் சாலைகளுக்கும் பாலங்களுக்கும் வைக்கப்படுவதை நாம் அறிவோம். ஒரு காகிதத் துண்டுக்குத் தம் பெயரை விட்டுச் சென்றவர்கள் மிகச் சிலரே.

ஆயின், அச்சீட்டில் உள்ள ஒரு சொல்லைக் கூர்ந்து நோக்கவேண்டும். அங்கே எழுதியிருப்பது ‘விலை’ அன்று. ‘உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் சில்லறை விலை’. நம் நாட்டில் சோப்புக் கட்டியின் மீதும் பிஸ்கட் பொட்டலத்தின் மீதும் அதிகபட்ச விலை அச்சிட்டிருக்கிறது. அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் கடைக்காரர் சட்டத்தை மீறியவர் ஆவார். அமெரிக்கக் காரின் சீட்டு அத்தகையது அன்று. இன்ன விலைக்கு விற்கலாம் என்பது உற்பத்தியாளரின் கருத்து. அந்தக் கருத்தை எழுதி ஒட்டவேண்டும் என்பது சட்டம். அந்த விலைக்கே விற்கவேண்டும் என்பது மட்டும் சட்டத்தில் இல்லை.

இதற்குக் காரணம் உண்டு. அங்குள்ள மோட்டார் வியாபாரி, கம்பெனியின் கூலியாள் அல்லர். அவர் கம்பெனியிடமிருந்து காரைத் தம் கணக்கில், பெரும்பாலும் வட்டிக் கடன் பெற்று, வாங்கி வைத்து விற்கும் தனி வணிகர். வாங்கிய பொருளை எவ்விலைக்கு விற்பது என்பது அவர் உரிமை. அன்றியும், பெருங் கம்பெனிகள் தங்கள் வியாபாரிகளை நசுக்கிவிடக் கூடாது என்பதற்காக, மாநிலங்கள் பல சட்டங்களை இயற்றின. ஏற்கெனவே வியாபாரிகளை அமர்த்தியுள்ள கம்பெனி, அவர்களை ஒதுக்கிவிட்டுப் பொதுமக்களுக்கு நேரே விற்பதற்குப் பல மாநிலங்களில் இடமில்லை. வியாபாரியைக் கம்பெனியிடமிருந்து காத்த அச்சட்டங்கள், வியாபாரியிடமிருந்து வாங்குவோரைக் காப்பதைப் பற்றி அதிகமாகச் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

நெடுங்காலமாக இது ஒரு குறையாகத் தோன்றவில்லை. கார்கள் ஏராளமாக இருந்தன. சீட்டில் கண்ட விலைக்குக் கீழே எவ்வளவு இறங்கலாம் என்பதே பேரமாக இருந்தது. 2020இல் கொள்ளை நோய் பரவியபோது நிலைமை தலைகீழாயிற்று. அவ்வாண்டின் முற்பகுதியில் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. இனிக் கார் வாங்குவோர் குறைவர் என்று கருதிய கம்பெனிகள், கார்களுக்கு வேண்டிய மின்னணுச் சில்லுகளுக்குக் கொடுத்திருந்த உத்தரவுகளை விலக்கிக்கொண்டன. சில்லு செய்வோரோ, வீட்டிலிருந்தே வேலை செய்த மக்கள் விரும்பி வாங்கிய கணினிகளுக்கும் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கும் தங்கள் இயந்திரங்களைத் திருப்பிவிட்டனர். எதிர்பார்த்ததைவிட விரைவிலேயே கார் வாங்க மக்கள் திரும்பி வந்தபோது, சில்லு இல்லை. 2021 பிப்ரவரியில் டெக்ஸாஸ் மாநிலத்தில் வீசிய பனிப்புயல் அங்கிருந்த சில்லுத் தொழிற்சாலைகளை நிறுத்தியது. மார்ச்சில் ஜப்பானில் ரெனிசாஸ் கம்பெனியின் நாகா தொழிற்சாலை தீப்பற்றியது. நகத்தளவுச் சில்லு ஒன்று இல்லாமையால், மற்றெல்லாம் பூட்டி முடித்த வண்டிகள் மைதானங்களில் வரிசையாகக் காத்துக் கிடந்தன.

கார் வியாபாரக் கணக்குகளை ஆராயும் எட்மண்ட்ஸ் நிறுவனம், 2022 ஜனவரியில் புதிய கார் வாங்கியவர்களில் நூற்றுக்கு 82 பேர் சீட்டு விலைக்கு மேல் கொடுத்தார்கள் என்று கணக்கிட்டது. ஓராண்டுக்கு முன்பு அவ்வாறு கொடுத்தவர்கள் நூற்றுக்கு மூவர் மட்டுமே.

சட்டத்தை மீறாமல் இந்த மேல்தொகையை எவ்வாறு வாங்கினார்கள்? மன்ரோனிச் சீட்டைத் தொடவில்லை. அதன் அருகில் இரண்டாவது சீட்டு ஒன்றை ஒட்டினார்கள். முதற் சீட்டைப் போன்றே கட்டம் கட்டி, அதே அளவு எழுத்தில் அச்சிட்டதாக அது இருக்கும். ‘சந்தைத் திருத்தம்’ என்று ஒரு வரி. அதற்கு நேரே 3,000 அல்லது 5,000 அல்லது அதற்கும் மிகுதியான டாலர். அதன் கீழே வண்ணப் பாதுகாப்புப் பூச்சு, இருக்கைத் துணிக்குத் தெளிப்பு, கண்ணாடியில் எண் பொறித்தல் என்று சில வரிகள். சில இடங்களில் ‘டயர்களில் நைட்ரஜன் வாயு’ என்பதற்கும் கட்டணம் உண்டு. நம்மைச் சூழ்ந்துள்ள காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் என்று பள்ளியில் படித்தவர்கள், அவ்வரியைப் படித்துச் சிறிது புன்னகை செய்யலாம்.

மேல்தொகை பெரிதாகத் தோன்றாமல் இருப்பதற்கு ஓர் உபாயம் உண்டு. காரின் விலையைப் பற்றிப் பேசாமல், “மாதம் எவ்வளவு கட்ட இயலும்?” என்று கேட்பது அது. கணக்கிட்டுப் பார்ப்போம். சீட்டு விலை 40,000 டாலர். சந்தைத் திருத்தம் 5,000. பூச்சு முதலியவை 1,500. ஆக மேல்தொகை 6,500. இதனை ஆறு ஆண்டுத் தவணையில், ஆண்டுக்கு நூற்றுக்கு 7 வட்டியில் செலுத்தினால், மாதத் தவணையில் ஏறக்குறைய 111 டாலர் கூடும். மாதத்திற்கு 111 டாலர் என்பது சிலருக்குச் சிறிதாகத் தோன்றும். 72 மாதங்களின் முடிவிலோ, அத்தொகை சுமார் 7,980 டாலர் ஆகிவிடும். பின்னர் அந்தக் காரை விற்கச் சென்றால், இன்னொருவருடைய பழைய காரும் அதே விலைக்குத்தான் போகும். சந்தைத் திருத்தம் என்று கொடுத்ததை எவரும் திருப்பித் தரமாட்டார்கள். ஆதலால் அனுபவம் உடையவர்கள் மாதத் தவணையைப் பற்றிப் பேசுவதே இல்லை. வரி, பதிவுக் கட்டணம், வியாபாரியின் எழுத்துக்கூலி உட்பட, காரை ஓட்டிக்கொண்டு வாயிலைக் கடக்க மொத்தம் எவ்வளவு என்பதை எழுத்தில் கேட்கிறார்கள். ஒரே மாடலுக்குப் பல ஊர்களிலிருந்தும் கேட்கிறார்கள். எழுத்துக்கூலி என்னும் சிறிய வரியிலும் வேறுபாடு மிகுதி. கலிபோர்னியாவில் அதற்கு 85 டாலர் என்ற வரம்பு உண்டு. பிளாரிடாவில் வரம்பே இல்லை.

மேல்தொகை வாங்குவது அநீதியா? இவ்வினாவிற்குப் பொருளாதாரம் படிப்பவர்கள் உடனே விடை கூறிவிடக் கூடாது என்பது என் கருத்து. கார் நான்கு, வாங்க வருவோர் பதின்மர் என்றால், ஆறு பேர் வெறுங்கையுடன் திரும்பத்தான் வேண்டும். அந்த ஆறு பேர் யார் என்பதை விலை தீர்மானிக்கலாம், வரிசை தீர்மானிக்கலாம், சிபாரிசு தீர்மானிக்கலாம். நம் நாட்டில் அம்பாஸடர் காருக்கும் பியட் காருக்கும் ஆண்டுக் கணக்கில் காத்திருந்த தலைமுறை ஒன்று உண்டு. அப்போது விலை கட்டுப்பட்டிருந்தது. ஆனால் காத்திருக்க இயலாதவர்கள் வேறொருவருடைய பெயரில் வந்த வண்டிக்கு மறைவாக மேல்பணம் கொடுத்தார்கள். மறைவாக வாங்கும் பணத்தைவிடக் கண்ணாடியில் எழுதி ஒட்டிக் கேட்கும் பணம் ஒரு வகையில் மேலானது. அதைக் கண்டு வேண்டாம் என்று திரும்பிவிடலாம். குறை எங்கே வருகிறதென்றால், முன்பதிவு செய்தவரிடம் ஒரு விலை கூறிவிட்டு, கார் வந்த நாளில் வேறு விலை கேட்கும்போது வருகிறது.

போர்டு கம்பெனியின் எப்-150 லைட்னிங் என்னும் மின்சாரப் பிக்கப் வண்டியின் கதையில் இதனைத் தெளிவாகக் காணலாம். 2021 மே மாதத்தில் அவ்வண்டி அறிவிக்கப்பட்டபோது, தொடக்க விலை 39,974 டாலர் என்றார்கள். இலட்சத்துக்கு மேற்பட்டோர் முன்பதிவு செய்தார்கள். 2022 தொடக்கத்தில், முன்பதிவு செய்தவர்களிடம் சில வியாபாரிகள் கூடுதலாகப் பணம் கேட்டார்கள் என்ற புகார் எழுந்தது. போர்டு கம்பெனி தன் வியாபாரிகளுக்கு எச்சரிக்கை எழுதியது. அவ்வாறு செய்வோருக்கு அனுப்பும் வண்டிகளைக் குறைத்து, வேறிடம் திருப்புவோம் என்றது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியும் அதே காலத்தில் இவ்வாறே எச்சரித்தது. பரிந்துரைத்த விலையை வற்புறுத்த வழியில்லாத கம்பெனிக்கு, சரக்கை அனுப்பாமல் நிறுத்துவது ஒன்றுதான் கையிலிருந்த சாட்டை. வேடிக்கை என்னவெனில், வியாபாரிகளைக் கண்டித்த போர்டு கம்பெனியே அந்த வண்டியின் தொடக்க விலையைப் படிப்படியாக 59,974 டாலருக்கு உயர்த்திவிட்டது. 2023 ஜூலையில் அதனை 49,995 டாலருக்கு இறக்கியது. மேல்தொகையும் கொடுத்து அவசரப்பட்டு வாங்கியவர்கள், தங்கள் வண்டியின் மதிப்பு ஒரே நாளில் இறங்கியதைக் கண்டார்கள்.

வியாபாரியே இல்லாவிட்டால் இத்தொல்லை இராது அல்லவா என்று கேட்கலாம். டெஸ்லா கம்பெனி அவ்வழியில் நடக்கிறது. அதற்கு இடைவியாபாரிகள் இல்லை, எல்லாருக்கும் ஒரே விலை, பேரம் இல்லை. பேரம் பேசத் தெரியாதவர்க்கு அது பெரும் நிம்மதி. எனினும் அந்த ஒரே விலையை டெஸ்லா தான் விரும்பிய நாளில் மாற்றிக்கொள்கிறது. 2023 ஜனவரியில் அதன் மாடல் ஒய் காரில் ஒரு வகையின் விலை 65,990 டாலரிலிருந்து 52,990 டாலருக்கு இறங்கியது. முந்திய வாரம் வாங்கியவர் 13,000 டாலர் கூடுதலாகக் கொடுத்தவர் ஆனார். விலை மாறுபாடு ஆளுக்கு ஆள் இருப்பதற்குப் பதில் நாளுக்கு நாள் இருந்தது என்பதே வேறுபாடு.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. மத்திய வர்த்தக ஆணையம் 2023 டிசம்பரில் ஒரு விதியை வெளியிட்டது. விளம்பரத்தில் ஒரு விலையும் கடையில் ஒரு விலையும் சொல்லக் கூடாது. வாங்குவோருக்குப் பயன்படாத உபகரணங்களுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. முழு விலையைத் தெளிவாகச் சொல்லவேண்டும் என்பவை அதன் சாரம். வியாபாரிகளின் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. விதியை வகுப்பதற்கு முன் செய்யவேண்டிய அறிவிப்பை ஆணையம் முறைப்படி செய்யவில்லை என்று கூறி, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜனவரியில் அவ்விதியைத் தள்ளிவிட்டது. விதி நியாயமா அன்றா என்னும் வினா அங்கே தீரவே இல்லை. அது நடைமுறைக்கு வராமலே போயிற்று.

விலையைப் பற்றிய ஐயம் எல்லாக் கார்களுக்கும் பொது. மின்சாரக் காரை விரும்புவோருக்கு மற்றோர் ஐயமும் உண்டு. அது பாட்டரியைப் பற்றியது. காரின் உறுப்புக்களுள் மிகுந்த விலையுடையது அது. வண்டியின் தரைக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதும் அதுவே. பெட்ரோல் காரை வாங்குவோர் எஞ்சினைத் திறந்து பார்க்கலாம்; ஓசையைக் கேட்கலாம். பாட்டரியில் பார்க்கவோ கேட்கவோ ஒன்றுமில்லை.

மன்ரோனிச் சீட்டுடன் இணைந்திருக்கும் எரிபொருள் விவரத்தில், மின்சாரக் கார்களுக்கெனச் சில எண்கள் உள்ளன. 2013ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து இப்போதுள்ள வடிவம் கட்டாயமாயிற்று. முழு ஊட்டத்தில் எத்தனை மைல் ஓடும், 100 மைல் ஓட எத்தனை கிலோவாட்-மணி மின்சாரம் செலவாகும், 240 வோல்ட்டில் ஊட்டம் ஏற்ற எத்தனை மணி நேரம் ஆகும் என்பவை அங்கே இருக்கும். பெட்ரோல் கார்களுடன் ஒப்பிடுவதற்காக, 33.7 கிலோவாட்-மணி மின்சாரத்தை ஒரு காலன் பெட்ரோலுக்குச் சமமாகக் கொண்டு கணக்கிட்ட ஓர் எண்ணும் உண்டு. இவையெல்லாம் புதிய பாட்டரியின் எண்கள். எட்டு ஆண்டுகள் கழித்து அந்த மைல் எவ்வளவாகும் என்பதற்கு அங்கே வரி இல்லை.

பாட்டரி முதுமை அடைவது எங்ஙனம்? லித்தியம்-அயனி மின்கலத்தின் ஒரு புறம் கிராபைட்டு; மறு புறம் உலோகச் சேர்மம் ஒன்று. ஊட்டம் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் கிராபைட்டை நோக்கிச் செல்கின்றன. காரை ஓட்டும்போது திரும்பி வருகின்றன. முதல்முறை ஊட்டம் ஏற்றும்போதே கிராபைட்டின்மேல் மெல்லிய படலம் ஒன்று உண்டாகிறது. அது காவலுக்கு வேண்டியதுதான். ஆனால் அது உண்டாவதற்குச் சிறிது லித்தியம் செலவாகிறது. ஆண்டுகள் செல்லச்செல்லப் படலம் தடிக்கிறது. மேலும் லித்தியம் அதில் சிக்குண்டு போகிறது. நம் ஊர் ஏரிகள் தூர்ந்துபோவதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். கரை அதே உயரம். நீர்ப்பரப்பும் பார்வைக்கு அதேதான். ஆனால் அடியில் வண்டல் படிந்துவிட்டதால் கொள்ளும் நீர் குறைந்துவிட்டது. நிறைந்திருக்கும்போது எவரும் அதனை அறிவதில்லை. கடைசி மடைக்கு நீர் வராதபோதுதான் தெரிகிறது. காரின் அளவுகாட்டியும் அவ்வாறே ‘முழுமை’ என்றுதான் காட்டும். முன்பு சென்ற ஊருக்குப் போய்ச் சேருமுன் ஊட்டம் தீர்ந்துவிடும்.

இந்தத் தூர்வை விரைவுபடுத்துவது வெப்பம். 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிஸான் லீப் கார், இப்பாடத்தை அமெரிக்கர்களுக்குக் கற்பித்தது. அதன் 24 கிலோவாட்-மணி பாட்டரியைக் குளிர்விப்பதற்குத் திரவச் சுற்றோட்டம் இல்லை. மிதமான தட்பவெப்பம் உள்ள ஊர்களில் பெரிய குறை தோன்றவில்லை. அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரம் பாலைவனத்தில் இருப்பது. கோடையில் அதன் வெயில் நம் வேலூர் வெயிலையும் விஞ்சும். அங்கே ஓடிய லீப் கார்களில், பாட்டரியின் கொள்ளளவைக் காட்டும் 12 கோடுகள் இரண்டு ஆண்டுகள் நிறையும் முன்பே ஒவ்வொன்றாக மறையலாயின. உரிமையாளர்கள் 2012இல் குரல் எழுப்பினார்கள். அப்போது கம்பெனியின் உறுதிமொழி, பாட்டரி பழுதானால் மட்டுமே பொருந்தும். கொள்ளளவு மெல்லக் குறைவதற்கு அதில் இடமில்லை. 2013இல் நிஸான் அதனைத் திருத்தியது. ஐந்து ஆண்டு அல்லது 60,000 மைலுக்குள் கோடுகள் ஒன்பதுக்குக் கீழே இறங்கினால் சரிசெய்து தருவதாக ஏற்றுக்கொண்டது. அதாவது ஏறக்குறைய நூற்றுக்கு 70 பங்கு கொள்ளளவு எஞ்சியிருக்கும் என்னும் உறுதி. பீனிக்ஸ் நகரத்துச் சாமானிய மக்கள் தங்கள் காரின் கோடுகளை எண்ணிக் குறித்து வைத்ததன் பயன் அது.

அதற்குப் பின் வந்த கார்களில் பெரும்பாலானவற்றில் பாட்டரியைச் சுற்றித் திரவம் ஓடி வெப்பத்தை அகற்றுகிறது. முழுக் கொள்ளளவையும் பயன்படுத்த விடாமல் சிறிது ஒதுக்கி வைப்பதும் உண்டு. ஆயிரக்கணக்கான மின்சார வண்டிகளின் பதிவுகளை ஆராய்ந்த ஜியோடேப் நிறுவனம், சராசரியாக ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் கொள்ளளவு குறைகிறது என்று கண்டது. கைபேசியின் பாட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடுவதைக் கண்டு, காரும் அப்படித்தான் என்று அஞ்சுவோர் பலர். கைபேசிக்குக் குளிர்விக்கும் ஏற்பாடு இல்லை. ஒதுக்கு அளவும் அவ்வளவு இல்லை. அந்த ஒப்புமை பொருந்தாது.

பாட்டரிகள் எல்லாம் ஒரே இனத்தவை அல்ல என்பதையும் வாங்குவோர் அறிந்திருத்தல் நலம். நிக்கலும் கோபால்ட்டும் சேர்ந்த வகை, எடைக்கு மிகுந்த ஆற்றல் கொள்ளும். இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த வகை, எடைக்குச் சற்றுக் குறைவாகக் கொள்ளும். ஆனால் விலை மலிவு, வெப்பத்தில் நிலையானது, நீண்ட நாள் உழைக்கும். முதல் வகையை அன்றாடம் நூற்றுக்கு 80 அளவோடு நிறுத்தி ஊட்டுவது நல்லது என்பர். இரண்டாவது வகையை வாரம் ஒருமுறையேனும் முழுமையாக ஊட்டும்படி கம்பெனிகளே கூறுகின்றன. இல்லையேல் அதன் அளவுகாட்டி சரியாகக் காட்டாது. ஒன்றுக்குக் கூறிய அறிவுரை மற்றொன்றுக்குப் பொருந்தாது. இந்த இரும்பு-பாஸ்பேட் வகை, டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் அவர்களின் குழு 1990ஐ அடுத்த ஆண்டுகளில் கண்டறிந்தது. அதற்கு வழிகோலிய முந்திய ஆராய்ச்சியில் அவருடன் உழைத்தவர், தமிழ்நாட்டில் அமராபுரம் என்னும் சிற்றூரில் பிறந்து, மதுரையில் பயின்று, சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம். 2019இல் குட்இனஃப் நோபெல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 97. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பாக நோபெல் சொற்பொழிவை ஆற்றியவர் மந்திரம் அவர்களே.

குளிர்நாடுகளில் வேறொரு குறை உண்டு. அதைத் தூர்வுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. குளிரில் அயனிகளின் ஓட்டம் மந்தமாகிறது. காரின் உட்புறத்தைச் சூடாக்கவும் பாட்டரியின் மின்சாரமே செலவாகிறது. அமெரிக்க மோட்டார் சங்கம் 2019இல் செய்த சோதனையில், 20 டிகிரி பாரன்ஹீட் குளிரில் சூட்டுக் கருவியைப் பயன்படுத்தியபோது, ஓடும் தூரம் சராசரியாக நூற்றுக்கு 41 பங்கு குறைந்தது. வெயில் வந்தால் இழந்தது திரும்பிவிடும். ஏரி தூர்ந்தது அன்று. மதகு இறுகிக்கொண்டது போன்ற நிலை. ஆனால் வாங்குமுன் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும். 300 மைல் ஓடும் என்று சீட்டில் கண்ட கார், முதுமையில் நூற்றுக்கு 70 பங்காகி 210 மைல் ஓடும். கடுங்குளிரில் அது சுமார் 124 மைல் ஆகும். நாள்தோறும் 40 மைல் போய்வருபவருக்கு அதுவே போதும். மாதம் இருமுறை 150 மைல் தொலைவிலுள்ள பெற்றோரைப் பார்க்கச் செல்பவர், வழியில் ஊட்டம் ஏற்றும் நிலையம் எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதுமை வேறு, பிறவிக் குறை வேறு. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் போல்ட் என்னும் காரில், எல்ஜி நிறுவனம் செய்து கொடுத்த மின்கலங்கள் சிலவற்றில் இரண்டு உற்பத்திக் குறைகள் ஒன்றாகச் சேர்ந்தபோது தீப்பிடித்தது. 2021 ஆகஸ்டுக்குள் ஏறக்குறைய 1,40,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. பாட்டரி மாற்றப்படும்வரை காரை வீட்டினுள் நிறுத்தாமல் வெளியே நிறுத்துங்கள் என்று உரிமையாளர்களுக்குக் கூறினார்கள். அச்சம் தரும் அறிவுரைதான். ஆயினும் புதிய பாட்டரிக்கு உரிமையாளர்கள் செலவு செய்யவில்லை. 190 கோடி டாலர் வரை எல்ஜி ஏற்றுக்கொண்டது. பிறவிக் குறைக்குச் செய்தவரே பொறுப்பு என்பது அங்கே தெளிவாக இருந்தது.

விலைக்கும் பாட்டரிக்கும் உள்ள ஒரு விந்தையான முரண் இப்போது விளங்கும். விலை கண்ணாடியில் எழுதப்பட்டிருக்கிறது. அது எவரையும் கட்டுப்படுத்தவில்லை. பாட்டரியைப் பற்றிய உறுதி, கம்பெனியைக் கட்டுப்படுத்துகிறது. அது கண்ணாடியில் எழுதப்படவில்லை. அமெரிக்காவில் எட்டு ஆண்டு, 1,00,000 மைல் என்பது பெருவழக்காகிவிட்டது. ஆனால் கொள்ளளவு எந்த எல்லைக்குக் கீழே இறங்கினால் பாட்டரியை மாற்றித் தருவார்கள் என்பது உறுதிப் பத்திரத்தின் உட்பக்கத்தில்தான் இருக்கும். சில பத்திரங்களில் நூற்றுக்கு 70 என்று திட்டமாக இருக்கும். சிலவற்றில் எண்ணே இராது.

புதிதாக வாங்குவோரைவிட, அவரிடமிருந்து பின்னர் வாங்குவோரையே இது மிகுதியாகத் தாக்குகிறது. ஜார்ஜ் அக்கர்லாப் என்னும் பொருளாதார அறிஞர் 1970இல் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். கோளாறான காரை அமெரிக்கர்கள் ‘எலுமிச்சை’ என்று ஏளனமாகச் சொல்வார்கள். விற்பவருக்குத் தம் கார் எலுமிச்சையா அன்றா என்று தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் கார்களுக்கும் அச்சத்துடன் குறைந்த விலையே கேட்பார். அந்த விலைக்கு நல்ல காரை எவரும் விற்க வரமாட்டார்கள். சந்தையில் எலுமிச்சையே நிறையும். சில பத்திரிகைகள் திருப்பியனுப்பிய அக்கட்டுரையின் ஆசிரியருக்கு 2001இல் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. பழைய மின்சாரக் காரில் நிலைமை இன்னும் ஒரு படி கடினமானது. முந்திய உரிமையாளர் வேகமான ஊட்டமே ஏற்றினாரா, வெயிலில் முழு ஊட்டத்துடன் மாதக்கணக்கில் நிறுத்தினாரா என்பது காரின் கணினிக்குத் தெரியும். விற்பவருக்கே அது பல வேளைகளில் தெரியாது.

இதற்கும் ஒரு சீட்டு உருவாகி வருகிறது. ஐக்கிய நாடுகளின் ஆதரவில் 2022இல் வகுத்த ஓர் உலகத் தொழில்நுட்ப விதி, ஐந்து ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர் வரை நூற்றுக்கு 80 பங்கும், எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை 70 பங்கும் பாட்டரியின் ஆற்றல் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. பாட்டரியின் நலத்தைக் காரே அளந்து உரிமையாளருக்குக் காட்டவேண்டும் என்பதும் அதில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய சட்டம், மின்சாரக் காரின் பாட்டரி ஒவ்வொன்றுக்கும் ‘பாட்டரிக் கடவுச்சீட்டு’ ஒன்று 2027 பிப்ரவரி 18 முதல் வேண்டும் என்று விதித்திருக்கிறது. அது எவ்வினத்தது, எங்கே செய்தது, எவ்வளவு கொள்ளும் என்பவற்றைப் பாட்டரியின்மேல் பொறித்த ஒரு குறியின் வழியாக எவரும் படித்தறியலாம்.

அமெரிக்கச் சீட்டில் இன்னும் அந்த வரி ஏறவில்லை. அங்கே மின்சாரக் கார் வாங்கச் செல்பவர் கண்ணாடியில் உள்ளதைப் படித்த பிறகு, உறுதிப் பத்திரத்தைக் கேட்டு வாங்கி, ‘கொள்ளளவு’ என்னும் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேடிப் பார்க்கவேண்டியிருக்கிறது.